"கலந்துவிடுங்கள், ஆனால் எங்கள் வீட்டில் வேண்டாம்": அயர்லாந்தின் டிராவலர் மக்களும் கல்யாணமும்

என்னோடு வேலை பார்க்கும் ஐரிஷ் பெண்மணி ஒருவர் தன் தங்கையின் கல்யாணக் கதையை ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பெயர் வேண்டாம், வயதில் மூத்தவர் என்பதால் அக்கா என்றே சொல்கிறேன். டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் அவர்கள் ஊர். தங்கை அங்கே ஒரு ஹோட்டலுக்குப் போய் ஹாலைப் பார்த்து, முன்பணம் கட்டி, 120 பேருக்கு என்ன சாப்பாடு என்பது வரை பேசி முடித்துவிட்டு வந்தார். எல்லாம் பெண்ணின் பெயரில். மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் மேடை அலங்காரம் பற்றிக் கேட்க அங்கே போயிருக்கிறார்கள். அவர்கள் பேசும் சாயல் ஒன்றே போதுமாக இருந்தது. மறுநாள் காலையில் போன்: அந்தத் தேதியில் ஏற்கெனவே இன்னொரு பதிவு இருப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம், மன்னிக்கவும், முன்பணம் திரும்ப வந்துவிடும். அன்று சாயங்காலமே அக்கா தன் தோழி ஒருத்தியை விட்டு அதே ஹோட்டலுக்குப் போன் போட்டு அதே தேதியைக் கேட்கச் சொன்னார். ஹால் காலியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை ஐரிஷ் டிராவலர். டிராவலர் என்றதும் முதுகில் பையோடு ஊர் சுற்றுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம், அது அயர்லாந்தில் ஒரு மக்களினத்தின் பெயர். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீடு காட்டிய ப்ரோக்கர் ஒரு தெருமுனையைக் காட்டி, "அந்தப் பக்கம் போகாதீங்க, டிராவலர்ஸ் இருக்காங்க" என்றார். யார், என்ன என்று நான் கேட்கவே இல்லை. பின்னால் ஊரிலிருந்து புதிதாக வந்த இரண்டு மூன்று குடும்பங்களுக்கு அதே வார்த்தையை நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். வந்தேறிகளான நமக்கு இந்த நாட்டின் தப்பெண்ணம் வாடகை ஒப்பந்தத்தோடு சேர்ந்து கைக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் தங்களை ஐரிஷ் டிராவலர் என்று பதிந்தவர்கள் 32,949 பேர். நாட்டு மக்கள்தொகை 51 லட்சத்துக்கு மேல், அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஐரிஷ் மொழியில் இவர்களை 'லுக்ட் ஷூல்' என்பார்கள், நடக்கும் மக்கள் என்று அர்த்தம். தங்கள் மொழியில் இவர்கள் தங்களை 'மின்கேர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மொழிக்கு கேன்ட் என்றும் காமன் என்றும் பெயர். அதில் பல சொற்கள் ஐரிஷ் சொற்களைத் திருப்பிப் போட்டவை. ஐரிஷில் கதவு 'டோரஸ்', இவர்களிடம் 'ரோடஸ்'. முத்தம் அங்கே 'போக்', இங்கே 'கோப்'. பக்கத்தில் நிற்கும் வெளியாளுக்குப் புரியக் கூடாது என்ற தேவை எத்தனை தலைமுறையாக இருந்திருந்தால் ஒரு மொழியே இப்படி உருவாகியிருக்கும்! பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஐரோப்பாவின் ரோமா மக்களோடு இவர்களைச் சேர்த்துப் பேசுவது வழக்கம், ஆனால் வம்சாவளியில் தொடர்பில்லை. இவர்கள் முழுக்க முழுக்க ஐரிஷ் வம்சாவளியினர்.

இந்த வம்சாவளி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் வந்த கொடுமையெல்லாம் ஒரு தவறான கதையிலிருந்து கிளம்பியது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் நிலத்தை இழந்து தெருவுக்கு வந்த விவசாயிகளின் வாரிசுகள்தான் டிராவலர்கள் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்க இரக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் உள்ளர்த்தம், இவர்களுக்கென்று தனிப் பண்பாடு எதுவும் கிடையாது, வாழ்ந்து கெட்ட குடும்பங்கள், பிடித்து ஒரு வீட்டில் உட்கார வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. 2017இல் வெளியான மரபணு ஆய்வு, இவர்கள் பிற ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்து சுமார் 360 வருடம் ஆகியிருக்கலாம் என்று கணித்தது. அதாவது பஞ்சத்துக்கு இருநூறு வருடம் முன்னாலேயே.

ஆனால் அரசாங்கம் கொள்கை வகுத்த காலத்தில் பழைய கதைதான் செல்லுபடியானது. 1960இல் அமைத்த ஆணையம் 1963இல் அறிக்கை தந்தது. அந்த ஆணையத்தில் டிராவலர் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. இவர்களை ஒரு பிரச்சினையாகப் பார்த்து, அதற்குத் தீர்வாகப் பொதுச் சமூகத்துக்குள் இவர்களைக் கரைத்துவிட வேண்டும் என்றார்கள். அதே காலத்தில் வயிற்றுப்பாடும் கையை விட்டுப் போனது. தகரத்தில் வாளியும் குவளையும் அடிப்பது, ஓட்டை அடைப்பது, குதிரை வாங்கி விற்பது, அறுவடைக்குப் பண்ணை பண்ணையாகப் போவது என்று இருந்தவர்கள் இவர்கள். பிளாஸ்டிக் வாளி வந்ததும் தகர வேலை போயிற்று, டிராக்டர் வந்ததும் பண்ணை வேலை போயிற்று. 'டிங்கர்' என்பது தகர வேலைக்காரரின் தொழிற்பெயர், அது வசைச்சொல்லாக மாறிவிட்டது. இன்னொரு வசை 'நாக்கர்', கிழட்டுக் குதிரையை வாங்கி அறுக்கிறவன் என்று பொருள். பள்ளிக்கூட மைதானத்தில் இன்றும் காதில் விழுகிற வார்த்தை அது. பிறகு 2002இல் வந்த சட்டம், அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கேரவனை நிறுத்துவதையே குற்றமாக்கியது, போலீஸ் கேரவனைப் பறிமுதல் செய்யலாம். நடக்கும் மக்கள் என்று பெயர், நடந்தால் குற்றம். இப்போது பெரும்பாலோர் வீடுகளில்தான் இருக்கிறார்கள், சிலர் நகராட்சி ஒதுக்கிய 'ஹால்டிங் சைட்' எனப்படும் இடங்களில்.

சரி, கரைந்துவிடு என்று சொன்னார்களே, ஒரு மக்கள் இன்னொரு மக்களோடு கலப்பதற்கு இருக்கிற வழிகளிலேயே பழையது எது? கல்யாணம்தானே. அங்கே என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

பொகார்டஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1920களில் ஒரு அளவுகோல் செய்தார். ஒரு பிரிவு மக்களை எவ்வளவு கிட்டே சேர்ப்பீர்கள் என்று படிப்படியாகக் கேட்பது: நாட்டுக்குள் விடுவீர்களா, குடியுரிமை தருவீர்களா, கூட வேலை செய்வீர்களா, பக்கத்து வீட்டில் குடிவைப்பீர்களா, நண்பராக ஏற்பீர்களா என்று போய், உச்சிப் படியில் வருவது நம் ஊரில் ஒரே சொல்லில் சொல்லிவிடும் விஷயம்: கொள்வினை கொடுப்பினை. அதாவது பெண் கொடுத்துப் பெண் எடுப்பீர்களா? அயர்லாந்தில் இந்த அளவுகோலை வைத்துப் பல பத்தாண்டுகள் ஆய்வு செய்தவர் மிஹால் மக்ரீல் என்ற இயேசு சபைப் பாதிரியார். அவருடைய 2007-08 ஆய்வில், டிராவலர் ஒருவரைக் குடும்பத்தில் உறவாகச் சேர்க்க மாட்டோம் என்றவர்கள் 60 சதவீதத்துக்குச் சற்று மேல். குடியுரிமையே தரக் கூடாது என்றவர்கள் 18 சதவீதம், சொந்த நாட்டு மக்களுக்கு! அதற்கு முன் 2000இல் நடந்த இன்னொரு கருத்துக்கணிப்பில் நிலைமை இன்னும் மோசம். நண்பராக ஏற்க மாட்டோம் என்றவர்கள் 80 சதவீதம், குடும்ப உறுப்பினராக ஏற்க மாட்டோம் என்றவர்கள் 97 சதவீதம். இரண்டும் வேறு வேறு விதமாக நடத்தியவை, அதனால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து இவ்வளவு முன்னேற்றம் என்று கணக்குப் போட முடியாது. ஆனால் 97 என்ற எண் என்னை விட்டுப் போவதில்லை. எங்களோடு கலந்துவிடு என்று அரசாங்கம் முப்பத்தேழு வருடம் முன்னால் எழுதி வைத்திருக்கிறது, எங்கள் வீட்டுக்குள் மட்டும் வராதே என்று நூற்றுக்கு 97 பேர் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் கரைவது எங்கே?

அந்த எண் ஒரு வீட்டுக்குள் எப்படிப் பேசுகிறது என்பதை அக்கா சொன்னதிலிருந்துதான் நான் புரிந்துகொண்டேன். அவருடைய அம்மா கெட்டவர் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சூப் செய்து எடுத்துப் போகிறவர். விஷயம் தெரிந்த அன்று அவர் சொன்னது: "பையன் நல்ல பையன்தான், அதை நான் குறை சொல்லவே இல்லை. ஆனா அவங்க ஆளுங்க..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லையாம். அப்பா ஒரு மாதம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சித்தி ஒருத்தி போன் செய்து, என் பிள்ளைகள் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தானே படிக்கிறார்கள், அதையும் யோசித்தீர்களா என்று கேட்டிருக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி நம் ஊர் சொத்து என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அம்மாவின் இன்னொரு வாதம் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். எம் பொண்ணு கஷ்டப்படுவா, அவ்வளவுதான் என் பயம் என்றார். கஷ்டம் பொய்யில்லை. 2010இல் வந்த அனைத்து அயர்லாந்து டிராவலர் உடல்நல ஆய்வின்படி டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7 வருடம், நாட்டின் பிற ஆண்களைவிட 15 வருடம் குறைவு. பெண்களுக்கு 11 வருடத்துக்கு மேல் குறைவு. தற்கொலை விகிதம் ஆறு மடங்கு. 2022இல் வேலையின்மை 61 சதவீதம். ஆனால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? விண்ணப்பத்தில் முகவரியைப் பார்த்ததும் ஒதுக்கி வைக்கிற முதலாளி, வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைக்கிற ஆசிரியர், தண்ணீர்க் குழாயும் கழிவறையும் இல்லாத இடத்தில் குடும்பங்களை வருடக்கணக்கில் விட்டுவைக்கிற நகராட்சி. பெண் கஷ்டப்படுவாள் என்று அம்மா பயப்பட்டது பெரும்பாலும் தன்னைப் போன்றவர்கள் அவளை நடத்தப்போகும் விதத்தை நினைத்துத்தான், அதை அவரே யோசித்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக் கல்யாணம் செய்துகொண்டு போகிறவருக்கு அந்தத் தப்பெண்ணம் பெரும்பாலும் குடும்பப்பெயர் வழியாக வந்து சேர்கிறது. பிரிட்டனில் பான்டின்ஸ் என்ற விடுமுறை விடுதி நிறுவனத்தில் ஊழியர்களுக்குள் ஒரு பட்டியல் சுற்றில் இருந்தது, வேண்டாத விருந்தினர்கள் என்று. அதில் இருந்தவை ஐரிஷ் குடும்பப்பெயர்கள்: மர்ஃபி, கேலகர், நோலன் என்று சுமார் நாற்பது. டிராவலர்களை உள்ளே விடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2021இல் அது வெளியே வந்தது, 2024இல் அந்நாட்டுச் சமத்துவ ஆணையம் அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. மர்ஃபி என்பது நம் ஊரில் முருகன் போல அத்தனை சாதாரணமான பெயர். பிரிட்டனில் இது ஒரு நிறுவனத்தின் பட்டியல், அயர்லாந்துச் சிற்றூர்களில் பட்டியலே தேவையில்லை, எந்தக் குடும்பப்பெயர் எந்த ஊரில் யாருடையது என்று எல்லோருக்கும் மனப்பாடம். அக்காவின் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டார். இருபது வருடமாகப் போய்வந்த கடையில், கார்டில் புதுப் பெயரைப் பார்த்த பிறகு காவலாளி பின்னாலேயே நடந்து வந்தாராம். அதே முகம், அதே கோட்டு.

சட்டம் என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டின் சமநிலைச் சட்டம் பாகுபாடு காட்டக் கூடாத ஒன்பது காரணங்களை வரிசைப்படுத்தியபோது டிராவலர் சமூகத்தவர் என்பதையும் தனியாகப் போட்டது. பலருக்குத் தெரியாத ஒரு நல்ல பிரிவும் அதில் இருக்கிறது: பாதிக்கப்பட்டவர் தானே டிராவலராக இருக்க வேண்டியதில்லை, டிராவலர் ஒருவரோடு உறவோ தொடர்போ இருப்பதால் மோசமாக நடத்தப்பட்டாலும் புகார் செய்யலாம். அதாவது அந்த ஹோட்டல் விஷயத்தில் பெண்ணுக்கும் உரிமை இருந்தது. ஆனால் 2003இல் மதுக்கடை உரிமையாளர்களின் நெருக்குதலுக்குப் பிறகு இன்னொரு சட்டம் வந்தது. மதுபான உரிமம் உள்ள இடத்திலோ அதன் வாசலிலோ நடக்கும் பாகுபாட்டை மட்டும் சமத்துவத் தீர்ப்பாயத்திலிருந்து பிடுங்கி மாவட்ட நீதிமன்றத்திடம் கொடுத்துவிட்டார்கள். தீர்ப்பாயத்தில், இப்போது அதன் இடத்தில் இருக்கும் வேலையிட உறவுகள் ஆணையத்திலும்கூட, வக்கீல் இல்லாமலே போகலாம், தோற்றாலும் எதிராளியின் செலவு தலையில் விழாது. நீதிமன்றத்தில் அப்படி இல்லை. கல்யாண ஹால், பப், ஹோட்டல், பிறந்தநாள் விருந்து, இறுதிச்சடங்குக்குப் பிறகு கூடும் இடம், இவையெல்லாம் எந்த உரிமத்தின் கீழ் வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். டிராவலர்களுக்கு வாசல் அடைபடுகிற இடங்களாகப் பார்த்து எளிய வழியை எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இவர்களும் வழக்குப் போடவில்லை. கல்யாணத்தை அறுபது கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஹோட்டலில் வைத்தார்கள். அன்று காலை வரை மாப்பிள்ளை வீட்டார் ஒருவர்கூட அந்த ஹோட்டல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அது அவர்களே எடுத்த முடிவு.

அந்தப் பக்கத்துக் கதையும் இருக்கிறது. டிராவலர் அல்லாதவர்களை இவர்கள் 'கன்ட்ரி பீப்பிள்' என்பார்கள், நகரத்தில் அடுக்குமாடியில் இருந்தாலும் அவர் கன்ட்ரி பீப்பிள்தான். 'பஃபர்' என்றும் சொல்வார்கள், அதில் கொஞ்சம் இளக்காரம் உண்டு. கல்யாணம் பெரும்பாலும் தங்களுக்குள்தான், சொந்தத்தில் கட்டுவதும் சகஜம், சின்ன வயதிலேயே ஆகிவிடும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நீதிமன்ற அனுமதியோடு மணம் செய்துகொள்ள இருந்த விலக்கு 2019 தொடக்கத்திலிருந்து யாருக்கும் கிடையாது, அது நல்ல மாற்றம். வெளியிலிருந்து பெண்ணோ மாப்பிள்ளையோ வந்தால் இவர்கள் வீட்டிலும் முணுமுணுப்பு எழத்தான் செய்யும்: நம் வழக்கம் தெரியுமா, நாளைக்குச் சண்டை வந்தால் நம்மையே அந்த வசையால் திட்டுவாளா, பிள்ளைகளை நம்மிடமிருந்து பிரித்துவிடுவாளா. இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று சிலர் சமன் செய்வார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு பக்கம் மறுத்தால் ஒரு குடும்பத்துக்கு வருத்தம். மறுபக்கம் மறுத்தால் வேலை, வீடு, ஹால் எல்லாம் போகிறது. டப்ளின் அருகே கேரிக்மைன்ஸில் 2015 அக்டோபர் 10 அன்று ஒரு தற்காலிக ஹால்டிங் சைட் தீப்பிடித்து ஐந்து குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தார்கள். நாடே துக்கம் காத்தது. சில நாளில், தப்பிப் பிழைத்தவர்களைத் தங்கவைக்க நகராட்சி பார்த்த இடத்தின் வழியை அக்கம்பக்கத்தார் கார்களை நிறுத்தி மறித்தார்கள்.

அம்மா முதல்முறை சம்பந்தி வீட்டுக்குப் போனதை அக்கா நேரில் பார்த்திருக்கிறார். ஹால்டிங் சைட்டில் ஒரு மொபைல் ஹோம். வெளியே சேறு, உள்ளே தரை கண்ணாடி மாதிரி. கண்ணாடி அலமாரி முழுக்க கிரவுன் டெர்பி பீங்கான், நீலமும் சிவப்பும் தங்க விளிம்புமாக. டிராவலர் வீடுகளில் அது சீதனம் மாதிரி, அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும், எளிதில் எடுத்துப் புழங்க மாட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா அலமாரியைத் திறந்து அதிலிருந்து இரண்டு கோப்பை எடுத்துக் கழுவித் துடைத்து டீ ஊற்றினார். அக்காவின் அம்மா கோப்பையைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் கை நனைக்கலாமா என்று நம் ஊரில் யோசிப்பார்களே, அதே தயக்கம். அப்புறம் ஒரு வாய் குடித்தார். "என் அம்மாகிட்டயும் இதே மாதிரி ஒரு ஜோடி இருந்தது, என் தம்பி ஒண்ணை உடைச்சிட்டான்" என்றார். அந்த அம்மா சிரித்தார். பேச்சு அங்கேதான் தொடங்கியது என்று அக்கா சொன்னார். அப்பா அன்று வரவில்லை, வருவதற்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

2017 மார்ச் 1 அன்று அப்போதைய பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் டிராவலர்களை ஒரு தனி இனக்குழுவாக அங்கீகரித்தார். 2020இல் ஐலீன் ஃபிளின் மேலவைக்கு நியமிக்கப்பட்டு, ஐரிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் டிராவலர் பெண் ஆனார். டப்ளினின் லேப்ர் பார்க்கில், டிராவலர்களுக்கென்றே 1967இல் திறந்த குடியிருப்பில் வளர்ந்தவர். அவர் கணவர் டிராவலர் அல்லாதவர். இப்படிப்பட்ட குடும்பங்கள் அயர்லாந்தில் நிறைய உண்டு, பாதிப் பேர் சத்தமில்லாமல் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்கேகூட ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

தங்கைக்கு 2021இல் பையன் பிறந்தான். 2022 ஏப்ரல் 3, ஞாயிறு இரவு, கணக்கெடுப்பு. படிவத்தில் இனம் பற்றிய கேள்வியில் 'ஐரிஷ்' என்று ஒரு கட்டம், அதற்கு அடுத்தது 'ஐரிஷ் டிராவலர்'. ஒன்றில்தான் குறியிட வேண்டும். ஐரிஷ் என்றே போடு என்றது அப்பாக்காரர், அவர்தான் டிராவலர், பள்ளிக்கூடத்தில் பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும் என்று அவருக்கு. தங்கை கேட்கவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விவாதம் நடந்திருக்கிறது, பையன் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், டீ குடித்த அதே பாட்டி. கடைசியில் இரண்டாவது கட்டத்தில் குறி விழுந்தது. அந்த வருடப் படிவத்தின் பின்பக்கத்தில் டைம் கேப்சூல் என்று ஒரு கட்டம் கொடுத்திருந்தார்கள், நூறு வருடம் கழித்துத் திறப்பவர்களுக்கு விரும்பியதை எழுதலாம். பலரும் கொரோனாவைப் பற்றி எழுதினார்கள். தங்கை தன் கல்யாணத் தேதியை எழுதி, அந்த முதல் ஹோட்டலின் பெயரையும், அந்தத் தேதியில் ஹால் காலியாக இருந்தது என்பதையும் எழுதி வைத்தார்.